கிணறு பார்க்க வந்தவர்கள்

"கிணத்துக்கை ஊத்தப் போறியளோ, குடத்துக்கை ஊத்தப் போறியளோ? சொன்னாத்தானே எந்தப் பக்கம் சரிக்கிறதெண்டு தெரியும்."

வண்டிலில் நின்றபடியே யாகப்பர் கேட்டார். பீப்பாய்க்குள் இருந்தது பக்கத்து ஊர்ச் சில்லாலைக் கோயிலடிக் கிணற்றுத் தண்ணீர். விடியப்புறமே மாட்டைப் பூட்டி, பனங்கூடல் ஒழுங்கையால் ஓசைப்படாமல் வரும்படி ஞானாம்பிகை சொல்லி வைத்திருந்தாள். மனிசன் ஓசைப்படாமல் வந்தது உண்மை. வந்தபிறகு வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"வாயைப் பொத்திக்கொண்டு குடத்துக்கை ஊத்தும் யாகப்பர். அவர் சந்தியாலை வாற நேரம்."

"கட்டின மனிசன் ஆழ்வாப்பிள்ளையருக்கும் ஒளிப்போ? என்ரை சீவியத்திலை கள்ளை ஒளிச்சு இறக்கியிருக்கிறன். தண்ணியை ஒளிச்சு இறக்கிறது இண்டைக்குத்தான்."

"சம்பந்தி வீட்டார் மோள் யோகத்தைக் கூட்டிக்கொண்டு வருகினம். தண்ணி எப்பிடியெண்டு பாக்க."

"அப்ப உங்கடை கிணத்தையல்லோ காட்டவேணும்? இது எங்கடை அந்தோனியாற்றை தண்ணி."

"அந்தோனியார் ஒண்டும் நினையார். ஊத்தும்."

யாகப்பர் சிரித்துக்கொண்டே சரித்தார். சந்தையில் வாங்கிய புதுக்குடம், தண்ணீர் விழ விழ மண்வாசம் கிளம்பியது. ஞானாம்பிகை ஒரு சிரங்கை அள்ளி வாயில் விட்டாள். கண்ணை மூடினாள். இரண்டு வருசத்துக்கு முந்தி இவளுடைய கிணற்றுத் தண்ணீரும் இதே ருசிதான்.

குடத்தை அடுப்படி மூலையில் மணல் பரப்பி வைத்து, வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, பக்கத்தில் விளக்கிய செம்பையும் கவிழ்த்து வைத்தாள். கேத்திலுக்கும் அதே தண்ணீர். சம்பந்தி அம்மாவுக்குத் தேத்தண்ணி போடவேண்டும். பிள்ளைக்குப் புட்டவிக்கவேண்டும்.

மகள் சிவயோகம் இருக்கவேண்டிய வீடு அதே வளவில், கிணற்றுக்குத் தெற்கே பூட்டிக் கிடந்தது. சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. சீதன உறுதிப் பத்திரத்தில் வீட்டோடு கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் எழுதிக் கொடுத்தார்கள். மருமகனுக்குக் கொழும்பில் வேலை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு புருசனும் பெண்சாதியும் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். ஊரே வாயில் அடித்துக்கொண்டு அழுத நேரம் அது. ஞானாம்பிகையும் அழுதாள். ஆனால் உள்ளுக்குள்ளே ஒரு சந்தோசம் இருந்து அவளை வெட்கப்படுத்தியது. பிள்ளை வந்துவிட்டாள், இனி எங்கும் போகமாட்டாள்.

கலவரம் கொண்டுவந்து தந்த பிள்ளையைத் தண்ணீர் துரத்திவிட்டது.

கலவரத்துக்கு முந்தின வருசம் காஸ் கொம்பனி வந்தது. வடலிகளுக்கு அங்காலை தரவை வெளியில் பனை உயரத்துக்கு இரும்புக் கோபுரம் நாட்டி, இரவும் பகலும் நிலத்தைத் துளைத்தார்கள். கீழே வாயு இருக்கிறதாம், எடுத்தால் நாடு முழுக்க அடுப்பெரியுமாம். ஞானாம்பிகையின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சுவாமிப் படங்கள்கூட அந்த நாட்களில் அதிர்ந்துகொண்டிருந்தன. கடைசியில், வாயு இருக்கிறதுதான், ஆனால் எடுத்தால் கட்டுப்படியாகாது என்று சொல்லி, துளையைச் சீமெந்தால் அடைத்துவிட்டுக் கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வெங்காயப் போகத்தில் கிணறு கூழ்முட்டை மணந்தது. ஏதோ விழுந்து செத்துக் கிடக்கிறதாக்கும் என்று இறைத்துப் பார்த்தார்கள். ஒரு சிரட்டையும் பழைய வாளியும்தான் வந்தன. பிறகு தண்ணீர் சவர்த்தது. நல்ல ஊற்று இன்னும் கீழே இருக்கும் என்று ஆழ்வாப்பிள்ளை கல்லுக்கு வெடிவைத்து ஆழமாக்கினார். உள்ளதும் போய் முழு உப்பானது. பாத்தியில் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் மாப்பூசியது போல வெள்ளை. வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. பருப்பு அவியாது. சவுக்காரம் நுரைக்காது. மருமகன் நல்ல பொடியன், ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டு, ஆரும் பார்க்காத நேரம் வாழையடியில் ஊற்றுவான். ஞானாம்பிகை பார்த்திருக்கிறாள்.

போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று இரண்டு பேரும் அவன் தாய்வீட்டுக்குப் போனார்கள். தேர் முடிந்தது, தீர்த்தம் முடிந்தது, பூங்காவனமும் முடிந்தது. திரும்பி வரவில்லை. மார்கழிக்குள் யோகத்துக்கு வயிறு தெரிந்தது. ஞானாம்பிகை வெள்ளிக்கு வெள்ளி அந்த வீட்டைத் திறந்து, கூட்டி, விளக்கு வைத்துவிட்டுப் பூட்டுவாள். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் வைத்துப் பெறாமல் வேறு எங்கே வைத்துப் பெறுவது?

கிணற்றில் பங்குள்ள நாலு குடும்பமும் சேர்ந்து கொம்பனி மேல் வழக்கு வைத்தார்கள். வழக்கை எடுத்து நடத்தின புறக்கிராசியார் சோமசேகரத்தின் கந்தோருக்கு ஞானாம்பிகையும் போயிருந்தாள். அங்கே நடந்த கதை இன்னும் அவள் காதில் கிடந்தது.

"கொம்பனி எங்களை மறந்துபோடுமோ ஐயா?" என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

"மறக்கேலாது. வருசா வருசம் கணக்கு முடிக்கேக்கை, இப்பிடி ஒரு வழக்கு இருக்கு, நட்டம் வந்தாலும் வரும், வராமலும் போகும், எவ்வளவெண்டு இப்ப மதிக்கேலாது எண்டு ஒரு குறிப்பு எழுதவேணும். அது சட்டம்."

"எங்கடை பேர் போட்டோ?"

"பேர் போடாங்கள். வடக்கிலை சில கிணறுகள் எண்டு போடுவாங்கள்."

"சில கிணறுகள்," என்று ஆழ்வாப்பிள்ளை திருப்பிச் சொன்னார். பஸ்ஸில் வரும்போதும் சொன்னார். "வந்தாலும் வரும், வராமலும் போகும். கேட்டியே இஞ்சேர், உன்ரை மோள் வாற கதை மாதிரித்தான் இருக்கு."

அந்தச் சொல் அவளைத் தைத்துவிட்டது. தைப்பொங்கல் கழிய நல்லூருக்குப் போனவள், சம்பந்தி செல்வநாயகியின் முகத்தைப் பார்த்துத் துணிந்து சொன்னாள்: "மாரி மழையோடை தண்ணி மாறீட்டுது மச்சாள். இப்ப சோக்கான தண்ணி. வெள்ளிக்கிழமை வந்து பாருங்கோ, குடிச்சுப் பாருங்கோ. பிடிச்சா பிள்ளையை விட்டிட்டு வாங்கோ." புருசனிடம், அவர்கள் சும்மா வந்து போகினம் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"இஞ்சேர்! இஞ்சேரப்பா!"

வாசல் படலையடியிலேயே ஆழ்வாப்பிள்ளையின் குரல் வந்துவிட்டது. ஒழுங்கை முனையில் யாகப்பரின் வண்டில் இன்னும் மறையவில்லை.

"கோட்டுக் கமிசன் இண்டைக்காம்! ஊரடங்காலை செவ்வாய்க்கிழமை தவறினதெல்லே, இண்டைக்கு வருகினமாம். சோமசேகரத்தார் சந்திக் கடைக்குச் சொல்லி விட்டிருக்கிறார்."

"இண்டைக்கோ? இண்டைக்கு யோகம் வாறாளெல்லே?"

"வரட்டுமன். சம்பந்தியும் வந்து பாக்கட்டும் எங்கடை சீரழிவை. கோட்டாலை வாற மனிசன் கிணத்தை மணந்து பாத்து, தண்ணியைக் குடிச்சுப் பாத்து, உள்ளதை எழுதப்போகுது. உமக்கு ஏன் முகம் செத்துப்போச்சு?"

"ஒண்டுமில்லை. புட்டுக்கு மாக் குழைக்கவேணும்."

நல்லூருக்கு ஆளனுப்ப நேரமில்லை. கமிசன் முந்தி வந்து முந்திப் போய்விட்டால் தப்பலாம். சம்பந்தி பிந்தி வரவேண்டும். கார் வழியில் நின்றுவிடக் கடவது, ஆனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது, பிள்ளையாரே. மாவைக் குழைத்துக்கொண்டு இதையே நேர்ந்தாள்.

வெயில் ஏறியபிறகு கமிசன் வந்தது. மதகு உடைந்திருந்ததால் வாகனத்தைச் சந்தியில் விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். நீதிமன்றம் நியமித்த கமிசனர் இராசசிங்கம், பென்சன் எடுத்த நில அளவையாளர், பண்டத்தரிப்பு மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், வெள்ளைக் களிசான் முழங்கால்வரை செம்மண். அவருக்குப் பின்னால் கொம்பனிக்குக் கதைக்கிற அப்புக்காத்து, கறுத்தக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு. அவருக்கும் பின்னால் சோமசேகரத்தார் மூச்சு வாங்கிக்கொண்டு. வேலிக்கரையில் பங்குகாரர் எல்லாரும் கூடிவிட்டார்கள். முன்னுக்கு நின்றவள் நல்லம்மா. புருசன் இல்லாதவள். அந்தக் கிணற்றை நம்பி வெங்காயம் வைத்து, அந்தக் கிணற்றாலேயே அழிந்தவள்.

"அப்பாடா," என்று கமிசனர் விறாந்தைக் கதிரையில் விழுந்தார். "அம்மா, நாக்கு ஒட்டுது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ."

வாசலில் களைத்து வந்த மனிசன் தண்ணீர் கேட்கிறார். ஞானாம்பிகையின் கால் அடுப்படிக்குப் போனது, கை துணியை அவிழ்த்தது, செம்பை அமிழ்த்தியது, கொண்டுவந்து நீட்டியது. நடுவில் யோசனை என்று ஒன்று வரவேயில்லை. வந்த ஆளின் கையில் சவர்த் தண்ணீரைக் கொடுத்துப் பழகிய கை இல்லை அது. கிணறு கெட்டபிறகு, வந்தவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறாளே தவிர அந்தத் தண்ணீரைக் கொடுத்ததில்லை.

கமிசனர் அண்ணாந்து குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. முடித்துவிட்டு, "இன்னொருக்கா" என்றார். அப்புக்காத்துவும் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, கமிசனர் ஐயா," என்றார் மெதுவாக. "இதிலை என்ன குறை?"

"எதிலை?"

"நாங்கள் இப்ப குடிச்ச தண்ணியிலை. நான் யாழ்ப்பாணத்திலை இப்பிடி நல்ல தண்ணி குடிச்சதில்லை. சாட்சிக்காரி தன்ரை கையாலை தந்த தண்ணி."

சோமசேகரத்தாரின் முகம் வெளிறிப்போனது. ஆழ்வாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். இவள் எங்கே எடுத்தாள் இந்தத் தண்ணீரை?

"ஞானம்! என்னடி உது?" வேலிக்கரையிலிருந்து நல்லம்மா கத்தினாள்.

"இது உங்கடை வீட்டிலை பாவிக்கிற தண்ணிதானே அம்மா?" அப்புக்காத்து வலு மரியாதையாகக் கேட்டார்.

ஞானாம்பிகை வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, மதகில்லாத பனங்கூடல் வழியால் சுற்றிக்கொண்டு ஒஸ்ரின் கார் ஒன்று ஒழுங்கைக்குள் வந்து படலையடியில் நின்றது. முன் கதவால் செல்வநாயகி இறங்கினாள். பின் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நிலத்தில் வைத்து, மற்றக் காலைத் தேடித் தேடி எடுத்துவைத்து, சிவயோகம் இறங்கினாள்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. தலை மட்டும் ஒருமுறை ஆடியது. ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். அப்புக்காத்து ஓம் என்று எடுத்தார்.

"என்ன மச்சாள், சனம் கூடி நிக்குது?" செல்வநாயகி சேலைத்தலைப்பால் விசிறிக்கொண்டு வந்தாள்.

"கோட்டாலை கிணறு பாக்க வந்திருக்கினம்," என்று ஆழ்வாப்பிள்ளை சொன்னார்.

"குடிச்சும் பாத்தாச்சு அம்மா," என்றார் அப்புக்காத்து. "இளநி தோத்துப்போகும்."

செல்வநாயகியின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் உங்களை நம்பேல்லை மச்சாள், உள்ளதைச் சொல்லுறன். பெத்த மனம், எதையும் சொல்லுமெண்டுதான் நினைச்சன். இப்ப கோட்டு ஆக்களே சொல்லுகினம். நேற்று ஆசுப்பத்திரியிலை காட்டினம். பிறசராம், கால் வீக்கமாம், உப்பை நல்லாக் குறைக்கச் சொல்லிப்போட்டினம். அதுதான் எனக்குப் பயம். தண்ணி நல்லதெண்டா என்ன பிரச்சினை? பெட்டி காருக்கை இருக்கு. இறக்கச் சொல்லட்டே?"

யோகம் எதையும் கேட்கவில்லை. தாயின் இடுப்பில் செருகியிருந்த திறப்புக்கோர்வையை உருவிக்கொண்டு, "நான் ஒருக்கா என்ரை வீட்டைப் பாத்திட்டு வாறன் அம்மா" என்று தெற்குப் பக்கம் நடந்தாள். நடக்கும்போது செருப்பின் வார் புறங்காலில் புதைந்து கிடந்தது. போன மாசம் அந்தக் கால் இப்படி இருக்கவில்லை. சற்று நேரத்தில் அந்த வீட்டு யன்னல் ஒன்று திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு மற்ற யன்னல்.

எத்தனை வெள்ளிக்கிழமை அந்தச் சத்தத்துக்காக ஞானாம்பிகை விளக்கு வைத்திருப்பாள்!

கமிசனர் பேனையைத் திறந்தார். "சரி. எழுதுவம். வீட்டார் தந்த தண்ணீர் குடிக்கத்தக்கது. அப்பிடித்தானே? பிறகு கிணத்தடிக்குப் போவம்."

"எழுதுங்கோ ஐயா," என்றார் அப்புக்காத்து.

ஆழ்வாப்பிள்ளை சண்டைக்கார மனிசன். வேறு நேரமென்றால் வளவு அதிர்ந்திருக்கும். அவரும் அந்த யன்னலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லம்மா வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். 

"எழுதாதேங்கோ ஐயா."

தன் குரல்தான் என்று ஞானாம்பிகைக்கே பிறகுதான் விளங்கியது.

"அது இந்தக் கிணத்துத் தண்ணியில்லை. சில்லாலையிலையிருந்து யாகப்பர் வண்டில்லை கொண்டுவந்தது. விடியத்தான் இறக்கினது. குடம் அடுப்படியிலை இருக்கு. வந்து பாருங்கோ."

"அப்ப ஏன் அம்மா எங்களுக்குத் தந்தனியள்?" கமிசனர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் தண்ணியெல்லே கேட்டியள்?"

"கிணறு பாக்க வந்த ஆளுக்குக் கிணத்துத் தண்ணியெல்லோ தரவேணும்?"

"அதை எப்பிடி ஐயா மனிசருக்குக் குடுக்கிறது?"

கமிசனர் அவளையே பார்த்தார். அப்புக்காத்து சிரித்தார். "நல்ல கதை. வண்டில்லை வந்த தண்ணி ஆருக்கு வந்தது? கோட்டுக்குக் காட்டவோ?"

ஞானாம்பிகை செல்வநாயகியின் பக்கம் திரும்பினாள். "இவவுக்கு. என்ரை சம்பந்திக்கு. தண்ணி மாறீட்டுதெண்டு நான் சொன்னது பொய் மச்சாள். மாறேல்லை. பருப்பு இப்பவும் அவியாது. பிள்ளையை ஒருக்கா இந்த வளவுக்கை பாக்கவேணும் போலை கிடந்தது, அதாலை சொன்னனான்."

செல்வநாயகி விசிறுவதை நிறுத்தினாள்.  பிறகு கமிசனர் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். ஆழ்வாப்பிள்ளை துலாவை இறக்கி அள்ளினார். வாளி மேலே வரமுன்னமே மணம் வந்தது. கமிசனர் கைநிறைய ஏந்தி வாயில் வைத்து, உடனே துப்பினார்.

"துப்பினதை எழுதுங்கோ ஐயா," என்றார் சோமசேகரத்தார், உயிர் திரும்பி.

"எழுதட்டும்," என்றார் அப்புக்காத்து. "ரெண்டு வகைத் தண்ணி காட்டப்பட்டதெண்டும் எழுதட்டும். கிணத்துக்கு வெடிவைச்சது ஆர், மோட்டர் பம்பு போட்டு இறைச்சது ஆர் எண்டும் எழுதட்டும். கடல் தானா ஏறினதோ, கொம்பனியின்ரை துளையாலை ஏறினதோ, அதை ஆர் கண்டது?"

"துளைக்க முந்தி ஏறாத கடல் துளைச்ச உடனை ஏறினதோ?" ஆழ்வாப்பிள்ளை வாளியை நிலத்தில் குத்தினார். இப்போதுதான் அவருக்கும் குரல் வந்தது. நல்லம்மா வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். கிணற்றடியில் சண்டை மூண்டது.

செல்வநாயகி ஞானாம்பிகையை விறாந்தைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"எனக்குக் கோவமில்லை மச்சாள். நானெண்டாலும் சொல்லியிருப்பன். ஆனா பிள்ளையை விட்டிட்டுப் போகேலாது, பாத்தியளே காலை?"

"பாத்தனான்."

யோகம் அந்த வீட்டிலிருந்து வந்தாள். கையில் ஒட்டறை. கிணற்றடிக் கதை எல்லாம் யன்னலால் கேட்டிருக்கிறாள் என்று முகம் சொன்னது.

"அம்மா, நான் நிக்கிறன். யாகப்பண்ணையைச் சொன்னா ஒவ்வொரு நாளும் தண்ணி கொண்டுவருவார்தானே?"

"ஊரடங்கு போட்டா ஆர் பிள்ளை கொண்டுவாறது? போன கிழமை மூண்டு நாளா ஒரு வண்டில் ஓடேல்லை."

"அப்ப கொதிக்கவைச்சுக் குடிக்கிறன்."

"கொதிக்கவைச்சா உப்புப் போகுமே?"

"முந்தி நான் குடிச்சனான்தானே! அங்கை எல்லாம் இருக்கு அம்மா. மாமி நல்ல மாதிரி. ஆனா காலமை எழும்பினா எனக்கு எங்கடை துலாச் சத்தம் கேக்கிற மாதிரிக் கிடக்கும். கட்டிலிலை கிடந்து கேட்டுக்கொண்டிருப்பன். பேந்துதான் தெரியும், அது ஆரோ சைக்கிள் உழக்கிறாங்கள் எண்டு." சொல்லிக்கொண்டே தாயோடு கிணற்றடிவரை நடந்தவள் தொட்டிமேல் கிடந்த பேணியை எடுத்து வாளிக்குள் விட்டாள். "ஒரு மிடறு. எனக்கு வாய்க்குக் கேக்குது."

ஞானாம்பிகை மகளின் கையைப் பிடித்தாள். பேணியைப் பறித்தாள். தண்ணீரை நிலத்தில் கொட்டினாள். இந்த வளவில் பிறந்த பிள்ளை கேட்டு அவள் இல்லையென்று சொன்ன முதல் பொருள் அது.

"போ பிள்ளை."

"அம்மா..."

"மச்சாள், வெயில் உச்சிக்கு வரமுந்திக் கூட்டிக்கொண்டு போங்கோ. புட்டுக் கட்டித் தாறன். அது நல்ல தண்ணியிலை குழைச்சது, பயப்பிடாதேங்கோ."

"பிள்ளை பிறக்கேக்கை நீங்கள் எங்கடை வீட்டை வந்து நில்லுங்கோவன்," என்றாள் செல்வநாயகி.

"பாப்பம் மச்சாள்." சீதனம் கொடுத்து அனுப்பிய பிள்ளையின் மாமி வீட்டில் போய் நின்று, அவர்கள் அடுப்பில் மகளுக்குப் பிள்ளைப்பேற்றுக் காயம் காய்ச்சிக் கொடுக்கிற தாயை ஊர் எப்படிப் பார்க்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். 

வாழையிலையில் புட்டைப் பொதிந்து காரின் பின்சீற்றில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் யோகத்தின் பெட்டி, இறக்காமலே. யோகம் யன்னலால் தாயின் கையைப் பிடித்திருந்தாள். திறப்புக்கோர்வை அந்தக் கைக்குள் இருந்தது. தாய் அதை விரல் விரலாக விடுவித்து எடுத்தாள்.

கார் ஸ்ராட் எடுக்கவில்லை. டிரைவர் இறங்கி முன்னால் போய்ச் சுழற்றினான்.

"அம்மா! ஞானாம்பிகை அம்மா! உங்கடை வாக்குமூலம் மட்டும்தான் மிச்சம்," என்று கமிசனர் கூப்பிட்டார். கிணற்றடியில் சண்டை ஓய்ந்து, ஆழ்வாப்பிள்ளை பீடி பற்றவைத்திருந்தார். அவள் வந்து நின்றாள். கண் ஒழுங்கையில்.

"உங்களுக்கு வந்த நட்டத்தை ஒண்டொண்டாச் சொல்லுங்கோ. எழுதுறன்."

"வெங்காயம்," என்று பின்னாலிருந்து சோமசேகரத்தார் மெல்ல எடுத்துக் கொடுத்தார். "புகையிலை, மிளகாய்க் கண்டு..."

கார் இரைந்து ஸ்ராட் ஆனது. ஒழுங்கைப் புழுதி படலைவரை வந்து அடங்கியது.

"என்ரை பிள்ளை வந்தவள் ஐயா," என்றாள் ஞானாம்பிகை. "வந்து, படலையாலை திரும்பிப் போறாள். முதல் அதை எழுதுங்கோ. வெங்காயத்தைப் பேந்து சொல்லுறன்."